யானைக்குக் கொம்பு முளைத்த கதை

யானையை நான் பார்க்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது சமாளித்துவிடுவேன். அதில் எனக்கு இரண்டு வருஷப் பழக்கம் இருக்கிறது. 2023 ஜனவரியில் அகத்தியர்கூடம் மலை ஏறிவந்ததிலிருந்து, நாற்பதடி தூரத்தில் ஒரு கொம்பன் யானை நின்றது என்று குறைந்தது பதினைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. போன மாதம் மடிப்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனாரின் பேரன், ஆறு வயது, என் மடியில் வந்து சாய்ந்துகொண்டு, "ஆதம்பாக்கம் பாட்டி, யானைக் கதை சொல்லு" என்றான். சொன்னேன். வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கமான இடத்தில் குரலை இறக்கி, நன்றாகவே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "அந்த யானைக்குக் குட்டி இருந்துச்சா?" என்றான். "இல்லடா கண்ணா, அது தனியா வந்துச்சு" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பரங்கிமலையில் அரிசி மூட்டை

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலை என்றால் பரங்கிமலைதான். முன்னூறு அடி உயரம், நூற்று முப்பதுக்கு மேல் படிகள், உச்சியில் மாதா கோயில், தலைக்கு மேல் விமானம். காலை நடையில் சேர்ந்துகொண்ட மூன்று பெண்கள் நாங்கள். மூவருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று, எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. டிசம்பர் முழுக்க, முதுகுப்பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி இறங்கினோம். பூ விற்கிற அம்மா முதல் வாரம் வேண்டுதலா என்று கேட்டார். இரண்டாவது வாரம், என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

அகத்தியர்கூடம் ஏன் என்றால் அது நம் பொதிகை மலை என்பதால். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்த பெயர். தாமிரபரணி பிறக்கிற மலை, அகத்தியர் தமிழோடு உட்கார்ந்திருக்கிற மலை. உச்சி, 1,868 மீட்டர், கேரளத்துக்குள் இருக்கிறது. ஏறுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஜனவரி நடுவில் வனத்துறை பாதையைத் திறக்கும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. இன்னொரு காரணமும் உண்டு, அதை வீட்டில் சொல்லவில்லை. சில வருஷம் முன்பு வரை அதிருமலை முகாமுக்கு மேலே பெண்களை விடமாட்டார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் உச்சிக்குப் போய்வந்தார். எதிர்ப்பும் இருந்தது. செய்தித்தாளில் அவர் முதுகுப்பையோடு நடக்கும் படத்தைப் பார்த்தபோதே எனக்குள் ஏதோ எழுந்து செருப்பைத் தேடியது.

வீட்டில் கிடைத்த வரவேற்பைச் சொல்லவேண்டியதில்லை. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்பதை நாத்தனார் ஒரு மாதத்தில் ஏழெட்டு விதமாகக் கேட்டார். கால் வலிக்கும் என்பது ஒன்று, அட்டை கடிக்கும் என்பது ஒன்று, ஆம்பளைங்களே போகமாட்டாங்க என்பது ஒன்று. என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு டார்ச் லைட் வாங்கி வந்தார்.

நடந்தது

திருவனந்தபுரம் மெயில், அங்கே ஒரு ராத்திரித் தங்கல், விடியற்காலை பேருந்து, நெடுமங்காடு, விதுரா, அதற்கப்புறம் கைவிட்ட தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைத் தாண்டி போணக்காடு. பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். முதல் நாள் அதிருமலை வரை ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். கரமனையாறு, வாழப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஓடைகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் முகம் கழுவலாம். அட்டையாறு தாண்டினால் காடு விலகி, ஏழுமடக்குத் தேரி என்று வெட்டவெளிப் புல்மேடு. அதற்கு மேல் முட்டிடிச்சான். முட்டி வந்து மார்பில் இடிக்கிற ஏற்றம் என்பதால் அந்தப் பெயர். மலையாளம் தெரியாதவருக்கும் பத்தாவது நிமிஷத்தில் அர்த்தம் புரிந்துவிடும்.

எங்களோடு வந்த வழிகாட்டி, அந்த மலையின் பழங்குடிகளான காணி சமூகத்துப் பெரியவர். அறுபது இருக்கலாம், ஒல்லி உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. என் முட்டிக்கு அந்த மலை ஒத்துவரவில்லை, நான் எப்போதும் கடைசி. அதனால் அவரும் எப்போதும் கடைசி. அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் அம்மா என்றார். அவர் பேசியது பாதி மலையாளம், பாதி நம் தெற்கத்தித் தமிழ். வழியில் குனிந்து ஒரு சின்னச் செடியைத் தொட்டுக் காட்டினார்: ஆரோக்கியபச்சை. 1987-இல் விஞ்ஞானிகள் சிலர் இந்தக் காட்டுக்கு வந்தபோது, கூட வந்த காணிகள் இதன் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்து, விசாரித்து, பிறகு பாலோடு தாவரவியல் பூங்காவில் அதிலிருந்து ஜீவனி என்று ஒரு மருந்தே செய்தார்கள். வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று அப்போது ஏற்பாடு செய்தார்கள். எனக்கு அந்த இலையைப் பார்த்ததே பெரிய விஷயமாக இருந்தது.

இரண்டாம் நாள் உச்சி. பொங்காலைப்பாறை என்கிற அகலமான கற்பரப்பு, அதற்கு மேல் கயிறு பிடித்து ஏறும் பாறைகள். கயிற்றைப் பிடித்தபோது நான் கீழே பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. மூக்குக்கு முன்னால் இருந்த பாறையின் வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்த்தேன். உச்சியில் அகத்தியர் சிலை, காற்று. மேற்கே நெய்யாறு, பேப்பாறை அணைகளின் தண்ணீர் கண்ணாடித் துண்டுகள் மாதிரி. கிழக்கே ஐந்தலைப் பொதிகை, அதற்கப்பால் வெயிலில் வெளுத்த நம் திருநெல்வேலிச் சீமை. மேற்கிலிருந்து மேகம் ஏறி வந்து, காலடியில் முட்டி, இரண்டாகப் பிரிந்து போயிற்று. 1855-இல் ஜான் ஆலன் ப்ரூன் என்கிற திருவனந்தபுரம் வானாய்வக இயக்குநர் இந்த உச்சியில் ஒரு ஆய்வுக்கூடமே வைத்து, காந்த ஊசியின் ஆட்டத்தைக் குறித்தாராம். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காற்றில் ஊசியின் நுனியைப் பார்த்து, பார்த்த எண்ணை மட்டும் எழுதியிருக்கிறார் மனிதர்.

இறங்கும்போது வரையாடுகளைப் பார்த்தேன். இது சத்தியம். மூன்று. சுவர் மாதிரி நின்ற பாறையில், எதன்மேல் நிற்கிறது என்றே தெரியாதபடி நின்றன. ஒன்று மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் வளைந்த கொம்பு, வாயில் ஏதோ ஒரு தண்டு பாதி வெளியே தொங்கியது. சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான். நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது, மொத்தமே மூவாயிரத்தை எட்டாது. வழிகாட்டி நாக்கைச் சொடுக்கினார். மூன்றும் அந்தச் சுவரில் பக்கவாட்டில் நடந்து போயின, நாம் தெருவில் போவது மாதிரி.

கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் சாப்பாடு. பத்துப் பன்னிரண்டு பேர். "சொல்லு, அப்படி என்னத்தைப் பாத்த?" என்று அவர் ஆரம்பித்துவைத்தார். நான் வரையாட்டிலிருந்து தொடங்கினேன். சுவர் மாதிரிப் பாறை, தண்டு, திரும்பிப் பார்த்தது, மூவாயிரம். நடுவில் ரசம் பரிமாறினார்கள். நாத்தனாரின் கணவர், நல்ல மனிதர், கிண்டல் மட்டும் கொஞ்சம் கூடுதல், "ஏம்மா, ஆட்டைப் பாக்கவா அவ்ளோ தூரம் போனீங்க? ஞாயித்துக்கெழம காலையில நம்ம கறிக்கடைக்கு வந்தா நானே காட்டியிருப்பேனே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆரோக்கியபச்சையைப் பற்றிச் சொன்னேன். "மூட்டு வலிக்குக் கேக்குமா?" என்று ஒரு கேள்வி வந்தது, அவ்வளவுதான். பேச்சு யாருடைய மூட்டுக்கோ போய்விட்டது.

"யானையும் வந்துச்சு" என்றேன்.

தலைகள் திரும்பின. "பாத்தியா?" என்றார் நாத்தனார். அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு வினாடி இருந்தது. அதை நான் இப்போதும் தனியாக எடுத்துப் பார்க்கமுடியும்: கரண்டியில் அப்பளத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது, ஃபேன் கிரீச்சிட்டது. "ம். பாத்தேன்" என்றேன். "கிட்டயா?" "நாப்பதடி இருக்கும்." "தந்தம்?" "பெருசா, ரெண்டு." ஒரு வாய்ச் சோறு யாரும் சாப்பிடவில்லை. ஒரு மாதமாக வயசு வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "அடியம்மா, பயமா இல்லையா உனக்கு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. யானையைப் பார்த்தவளிடம் இதெல்லாம் தேவையா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதற்கப்புறம் அது தானாக வளர்ந்தது. அலுவலகத்தில் சொன்னபோது காதை விசிறியது. அடுத்த வீட்டில் சொன்னபோது ஒரு காலடி எடுத்து வைத்தது. கூட வந்த தோழிகள் இருவரும் அன்று அரைக் கிலோமீட்டர் முன்னால் போய்விட்டிருந்தார்கள். "எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்று அவர்களே எனக்குச் சாட்சியாகிவிட்டார்கள். முப்பது வருஷமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான். எழுபது பைசா இடித்தால் பேரேட்டை மூடமாட்டேன். யானை விஷயத்தில் எப்படி மூடினேன் என்று தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் என்னை நிறுத்திக்கொண்டேன். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்ளும், 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்கிற ஆய்வாளர், யானைக் கூண்டருகே காற்றில் ஒரு துடிப்பை உடம்பில் உணர்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார். இதைப் படித்த அன்று, எனக்கும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது என்று சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஆசை வந்தது. சேர்க்கவில்லை. பொய்க்குள்ளும் ஒரு நாணயம் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

அட்டையாற்றுக்கு மேலே

உண்மையில் நடந்தது மூன்றாம் நாள் காலை, இறக்கத்தில். புல்மேடு முடிந்து காட்டுக்குள் நுழைந்தாயிற்று. பாதையின் இடது பக்கம் ஈற்ற என்று அங்கே சொல்கிற மெல்லிய மூங்கில், ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக. முன்னால் போன பெரியவர் நின்றார். திரும்பாமலேயே உள்ளங்கையைப் பின்னால் காட்டினார். நானும் நின்றேன். குரங்காக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் சத்தம். பட்டாசு இல்லை, விறகு ஒடிக்கிற சத்தமும் இல்லை. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது. ஒடித்து, உரித்து, மென்று. நிதானமான சத்தம். யாரோ வீட்டு வேலை பார்க்கிற மாதிரி. "ஆன" என்றார் பெரியவர், உதட்டளவில். "மிண்டாதே." பேசாதே என்று அர்த்தம். காய்ந்த இலை ஒன்றை உள்ளங்கையில் தேய்த்துப் பொடியாக்கி, இடுப்புயரத்திலிருந்து விட்டார். பொடி எங்கள் பக்கம் பறந்து வந்தது. காற்று அதனிடமிருந்து எங்களுக்கு. அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அப்படியே குந்தினார், நானும் முட்டி வலியோடு உட்கார்ந்தேன்.

அப்புறம் வாசனை. மாட்டுத்தொழுவம் என்று சொல்லலாம், ஆனால் அதில் கரும்புச் சக்கை புளித்த ஒரு காடியும் இருந்தது. சட்டென்று மென்கிற சத்தம் நின்றது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். சத்தம் இருந்தவரை அது ஒரு இடத்தில் இருந்தது. சத்தம் நின்றதும் அது எங்கும் இருந்தது. யானையின் பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை உண்டு, அத்தனை எடையும் அதில் அமுங்கிவிடும், நடந்தால் கேட்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இருபது தப்படிக்குள் ஒரு வீட்டளவு உயிர் நிற்கிறது, மூங்கிலில் ஒரு இலைகூட அசையவில்லை என்பதுதான். கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். மூங்கில், மூங்கிலுக்குப் பின்னால் மூங்கில். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு நிழலும் யானை மாதிரித் தெரிந்தது, ஒன்றும் யானையில்லை. என் கைக்கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிஷம். நடுவில் ஒரு தடவை குறட்டை மாதிரி அடித்தொண்டை உறுமல் ஒன்று கேட்டது. உடனே இன்னொன்று, அதைவிட மெல்லிசாக, கீச்சென்று.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சொல்லி வளர்ந்திருக்கிறோம். எனக்கு ஓசையோடு நின்றுவிட்டது.

மறுபடி ஒடிகிற சத்தம் கேட்டபோது அது தள்ளிப் போயிருந்தது. பெரியவர் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். ஓடைக்குப் பக்கத்துச் சேற்றில் காலடி. பெரிய தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து எடுத்த மாதிரி வட்டம், ஓரத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கொடியை அறுத்து, முன்னங்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்தார். மூன்றே முக்கால் அடி இருக்கும். அதே நீளத்துக்கு இன்னொரு பங்கு சேர்த்து, கொடியை ஒரு மரத்தடியில் நிறுத்தி, அது முடிகிற இடத்தில் சேற்று விரலால் ஒரு கோடு இழுத்தார். "இத்தற உசரம்" என்றார். முன்னங்கால் சுற்றளவின் இரு மடங்குதான் தோள் உயரம். யானை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். கோடு என் தலைக்கு மேல் இரண்டரை அடியில் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் உடம்பு நடுங்கியது.

"நீங்க பாத்தீங்களா அண்ணே?" என்றேன்.

"காணணோ?" என்றார், பார்க்கணுமா என்ன என்று, நிஜமாகவே புரியாமல். "பிடியாணு. குட்டியும் உண்டு." தாம்பாளத் தடங்களுக்கு நடுவில், டீ சாசர் அளவில், ஆழமில்லாத வட்டங்கள். ஒரு இடத்தில் சறுக்கி, விழுந்து எழுந்த கோலம். பிடி என்கிற சொல்லைத் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன், களிறு ஆண், பிடி பெண், இரண்டு மதிப்பெண். ஒருவர் அதைச் சாதாரணமாக வாயில் வைத்துப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

கொளத்தூரில் தந்தம் எவ்வளவு பெரிது என்று கேட்டபோது, அந்தப் பிடியைக் கொம்பனாக்கினேன். கொம்பன் பெரும்பாலும் தனியாகத்தான் வரும், ஆகவே குட்டியை எடுத்துவிட்டேன். பார்த்தேன் என்று சொன்னதுகூட எனக்கு இப்போது அவ்வளவு உறுத்தவில்லை. சேற்றில் சறுக்கி விழுந்த அந்தச் சின்ன வட்டங்களை அழித்துவிட்டு இரண்டு வருஷம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆறு வயதுப் பையன் அதையே நேராகக் கேட்டான், இல்லை என்றேன்.

டார்ச் லைட்

வளைகாப்பு முடிந்து வந்த ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாலில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், "என்ன?" என்றார். "என்னங்க, அந்த யானை..." என்று ஆரம்பித்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

"எந்த யானை? கொம்பு வெச்சதா, குட்டியோட வந்ததா?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இறங்கி வந்த அன்று, விதுரா தாண்டி பேருந்தில் சிக்னல் கிடைத்ததும், மூன்று நாள் கழித்து முதல் போன் அவருக்குத்தான். ஜன்னல் காற்றில் கத்திக் கத்தி, கரும்பு ஒடிகிற சத்தம், இலைப் பொடி, மரத்துக் கோடு, சாசர் தடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறேன். பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து. பொய் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அந்தப் போனை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. கொளத்தூரில் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறமும் பல தடவை பக்கத்தில் இருந்திருக்கிறார். ஒரு தடவை, "ரெண்டு தந்தமும் இருக்கும்ல?" என்று யாரோ கேட்டதற்கு, "பெருசும்மா" என்று எனக்கு முன்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

"ஏன் ஒண்ணுமே கேக்கல?"

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "நல்லாத்தானே சொல்லிட்டிருந்த" என்றார். படுக்கப் போனவர் வாசல்படியில் நின்று, "வர்ற சனிக்கிழமை அக்கா வீட்டுல காதுகுத்து. பையன் மறுபடி கேப்பான். எந்த யானைன்னு இப்பவே சொல்லிடு, நானும் அதையே சொல்லணும்ல?" என்றார்.